வீட்டில் ஒரு வருடம் யோகா: எது உழைக்கிறது, எது உடைகிறது

யோகா தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "உடம்பு வளையாதே, செய்யலாமா?" என்பதுதான். வளையாத உடம்போடு தொடங்கிப் பன்னிரண்டு மாதம் தாண்டியவர்கள் நிறையப் பேர். பாதியில் விட்டவர்களைக் கேட்டால் காரணங்கள் வேறாக இருக்கும். மணிக்கட்டு வலி, பிட்டத்தின் அடியில் உள்ள உட்காரும் எலும்பில் விடாமல் பிடித்த வலி, வியர்வையில் வழுக்கிய மேட், ஞாயிறு மட்டும் ஒன்றரை மணி நேரம் செய்துவிட்டு மற்ற ஆறு நாளும் விட்டுப்போனது. இந்த நான்கையும் முதல் வாரத்திலேயே தவிர்க்க முடியும். பின்வருவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

மேட்டிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் காசு வீணாவது அங்கேதான். கடையில் கிடைக்கும் சாதாரண அளவு 68 அங்குல நீளம், 24 அங்குல அகலம். 68 அங்குலம் என்பது 5 அடி 8 அங்குலம். அதற்கு மேல் உயரம் உள்ளவர் சவாசனத்தில் படுத்தால் குதிகால் தரையில் நிற்கும். அவர்கள் 72 அங்குலத்துக்கு மேல் உள்ளதை வாங்க வேண்டும்.

தடிமன்தான் அடுத்த ஏமாற்றம். 10, 15 மி.மீ. தடிமனில் மெத்தென்று இருக்கும் என்பிஆர் (செயற்கை ரப்பர் நுரை) மேட் கடையில் அழுத்திப் பார்க்கும்போது சுகமாக இருக்கும். அதில் விருக்ஷாசனம் செய்ய ஒற்றைக்காலில் நின்றால் பாதம் அமிழ்ந்து கணுக்கால் ஓயாமல் ஆடும். காலை அகட்டி நின்றால் மேட்டே இழுபட்டு நீளும், நகம் பட்டால் பெயரும். படுத்துச் செய்யும் வயிற்றுப் பயிற்சிக்கு அது சரி, நின்று செய்யும் ஆசனத்துக்கு வேண்டாம். டைல்ஸ், மொசைக் தரைக்கு 6 மி.மீ. போதும். முழங்கால் ஊன்றும் இடத்தில் மட்டும் துண்டை நான்காக மடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

பொருளைப் பொறுத்தவரை, பிவிசி (ஒருவகை பிளாஸ்டிக்) மேட் பல வருடம் உழைக்கும். ஆனால் புதிதில் வழுக்கும். இரண்டு மூன்று முறை சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து நிழலில் காயவிட்டால் பிடிமானம் வரத் தொடங்கும். டிபிஇ (ரப்பர்போல நெகிழும் பிளாஸ்டிக்) எடை குறைவு, காய்ந்த கையில் நன்றாகப் பிடிக்கும், வியர்வை பட்டால் விட்டுவிடும். தினமும் பயன்படுத்தினால் உள்ளங்கையும் குதிகாலும் ஊன்றும் இடங்களில் மேல்தோல் முதலில் உரியும். பிடிமானத்தில் சிறந்தது இயற்கை ரப்பர். ஆனால் கனம் அதிகம், முதல் சில வாரம் வாடை வீசும், லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது. எந்த மேட்டையும் மொட்டைமாடி வெயிலில் காயப்போடாதீர்கள். ரப்பரும் டிபிஇயும் வெயிலில்தான் வெடிக்கின்றன.

வீட்டில் இருக்கும் கோரைப்பாயும் ஜமுக்காளமும் உட்காரவும் படுக்கவும் அருமையானவை. நின்று கால் அகட்டும்போது டைல்ஸ் தரையில் இரண்டும் சறுக்கும். வியர்வை அதிகம் உள்ளவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு: கீழே பிவிசி மேட், அதன்மேல் பருத்தி விரிப்பு. மேட் தரையைப் பிடித்துக்கொள்ளும், பருத்தி வியர்வையைக் குடித்துக்கொள்ளும்.

துணைப்பொருள்களைப் பெரியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் உரியவை என்று ஒதுக்குவது தவறு. அவற்றைப் பரவலாக்கிய யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) கையாண்ட முறையில் தொடக்கநிலைப் பாடமே அவற்றோடுதான். வேண்டியது நான்கு: 9 × 6 × 4 அங்குலக் கட்டைகள் இரண்டு, இரண்டு கெட்டிப் போர்வைகள், ஒரு நீளத் துண்டு, கைப்பிடி இல்லாத நாற்காலி. கட்டை மட்டும்தான் விலைக்கு வாங்க வேண்டியது. கார்க் கட்டை கனமானது, நிமிர்த்தி வைத்துக் கை ஊன்றினால் சாயாது. நுரைக்கட்டை மலிவு, ஆனால் எடை அதன்மேல் சரிவாக விழுந்தால் கவிழும்.

இனி உடம்பு. முதல் சிக்கல் சும்மா உட்காருவதிலேயே வரும். நாற்காலியிலேயே வாழும் நமக்குச் சம்மணம் போட்டால் முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நிற்கிறது. இடுப்பெலும்பு பின்னால் சாய்கிறது, கீழ்முதுகு கூன்போடுகிறது, ஐந்தாவது நிமிடம் வலிக்கிறது. முதுகை நிமிர்த்தச் சொல்லி அதட்டிப் பயனில்லை. போர்வையை மடித்து உட்காரும் எலும்புகளுக்குக் கீழே வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழும்வரை உயரம் கூட்டிக்கொண்டே போகலாம், நான்கு ஆறு அங்குலம் ஆனாலும் சரி. முதுகு தானாக நிமிரும். முழங்காலை மடித்துக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் கணுக்கால் முன்புறம் வலித்தால் அங்கே ஒரு துண்டைச் சுருட்டி வைக்க வேண்டும். பாதம் மரத்துப்போனால் எழுந்துவிட வேண்டும். மரத்துப்போவது நரம்பு அழுந்துவதன் அடையாளம், அதைப் பொறுத்துக்கொண்டு உட்காருவதில் ஒரு பெருமையும் இல்லை.

அதிகம் பேரைக் காயப்படுத்துவது முன்னால் குனிவதுதான். நின்று குனியும் பாதஹஸ்தாசனம், கால் நீட்டி உட்கார்ந்து குனியும் பச்சிமோத்தாசனம் இரண்டிலும் தொடக்கக்காரரின் கண் கால்விரலில் இருக்கிறது. கை விரலைத் தொட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் மடிய வேண்டிய இடுப்பு மூட்டு நிற்க, கீழ்முதுகு மடிகிறது. தொடைப் பின்தசை இடுப்பெலும்பின் அடியில் உள்ள உட்காரும் எலும்பில் தொடங்குகிறது. அது இறுகியிருந்தால் இடுப்பை முன்னால் உருள விடாது. மீதி வளைவை முதுகெலும்பு ஈடுகட்டுகிறது. முழங்காலை மடக்கிப் பாருங்கள். தசை தளர்ந்து, இடுப்பு உருண்டு, வயிறு தொடையின்மேல் படியும். வயிறும் தொடையும் ஒட்டியிருக்க, முழங்காலை எவ்வளவு நீட்ட முடிகிறதோ அதுவே அன்றைய அளவு. பச்சிமோத்தாசனத்தில் இதனோடு மடித்த போர்வைமேல் உட்கார்ந்து, துண்டைப் பாதத்தில் மாட்டிப் பிடித்தால் போதும்.

இதில் மூன்று வகை உணர்ச்சியைப் பிரித்தறியப் பழக வேண்டும். தொடையின் நடுவில் பரவலாக இழுத்தால் சரி. முழங்காலுக்குப் பின்னால் மின்சாரம்போலச் சுரீரென்று இழுத்தால் பெரும்பாலும் அது நரம்பு, உடனே முழங்காலை மடக்க வேண்டும். உட்காரும் எலும்பிலேயே ஒரு புள்ளியில் வலித்தால் தசைநாண் நொந்துபோகிறது. மூன்றாவதுதான் ஏமாற்றும். செய்யும்போது இதமான இழுப்பாக இருக்கும், மறுநாள் நாற்காலியில் உட்காரும்போது வலிக்கும். "இன்னும் நன்றாக நீட்டினால் சரியாகும்" என்று நீட்ட நீட்ட மாதக்கணக்கில் நீடிக்கும். அது வந்தால் குனியும் ஆசனங்களைச் சில வாரம் முற்றாக நிறுத்தி, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம்போல அந்தத் தசைக்கு வலுத்தரும் ஆசனங்களை வலியில்லாத அளவுக்குச் செய்ய வேண்டும். தசையை இழுப்பதைவிட அதற்கு வேலை கொடுப்பதே அங்கே மருந்து.

காலையில் செய்பவர்களுக்கு இன்னொன்று. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீர் உறிஞ்சிப் பருத்திருக்கும். எழுந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் ஆழமாகக் குனிவது கீழ்முதுகுக்கு நல்லதில்லை. எழுந்தவுடன் செய்தே ஆக வேண்டுமென்றால் கணுக்கால், முழங்கால், தோள் சுழற்சிகள், பூனைபோல முதுகை ஏற்றி இறக்கும் மார்ஜரி ஆசனம், நின்று செய்பவை என்று வரிசைப்படுத்தி, குனிவதைக் கடைசிக்குத் தள்ளலாம். வயிறு காலியாக இருக்க வேண்டும். முழுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேர இடைவெளி.

சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளில் தகராறு மூன்று இடங்களில்தான். வலது காலைப் பின்னால் வைத்து ஒன்று, இடது காலை வைத்து ஒன்று, இரண்டும் சேர்ந்தது ஒரு சுற்று. முதல் மாதம் இரண்டு சுற்று, மூன்றாம் மாதத்தில் ஆறு. தொடக்கத்திலேயே பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று ஏறுவோர்தான் தோளையும் மணிக்கட்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதலாவது மணிக்கட்டு. எடை முழுதும் உள்ளங்கையின் அடிமேட்டில் விழுவதால் வலிக்கிறது. விரல்களை அகல விரித்து, ஆள்காட்டி விரலின் அடிக்கணுவைத் தரையில் அழுத்த வேண்டும். அப்படியும் வலித்தால் மேட்டின் முன்விளிம்பை இரண்டு மடிப்பாகச் சுருட்டி அதன்மேல் உள்ளங்கை அடியை வைத்தால் மணிக்கட்டு வளையும் கோணம் குறையும்.

இரண்டாவது, கட்டைபோல நீட்டிய நிலையிலிருந்து தரைக்கு இறங்குவது. தொப்பென்று விழுவதில் தோளின் முன்பக்கம் அடிவாங்குகிறது. முழங்காலை முதலில் ஊன்றி, பிறகு நெஞ்சை இறக்குங்கள். முழங்கையைப் பக்கவாட்டில் விரிக்காமல் விலாவை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாறு மாதம் முழங்கால் ஊன்றியே செய்வதில் குறை ஒன்றும் கிடையாது.

மூன்றாவது, குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தும் புஜங்காசனம். கையால் தள்ளி உயரம் காட்டினால் வளைவெல்லாம் இடுப்புக்கு மேலுள்ள ஒரே இடத்தில் மடிகிறது. எழும்பிய நிலையில் உள்ளங்கைகளைத் தரையிலிருந்து ஒரு அங்குலம் தூக்கிப் பாருங்கள். நெஞ்சு அப்படியே நின்றால் அது முதுகின் உயரம், சரிந்தால் கை கொடுத்த உயரம். முதுகின் உயரத்தோடு நிறுத்திக்கொண்டால் போதும், அது நான்கு அங்குலமாக இருந்தாலும்.

பின்காலை முன்னால் கொண்டுவரும்போது பாதம் பாதி வழியில் நின்றுவிடுவது எல்லோருக்கும் நடக்கும். கையால் கணுக்காலைப் பிடித்து இழுத்து வைத்தால் முடிந்தது.

மூச்சுதான் இவை எல்லாவற்றுக்கும் அளவுகோல். திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) கற்பித்த வழியில், 1976-ல் அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தில் வளர்ந்த முறையில், மூச்சு ஒரு நொடி முன்னால் தொடங்கும், பிறகு கை எழும்பும். கை நிற்கும், பிறகு மூச்சு நிற்கும். அசைவு மூச்சுக்குள் அடங்கியிருக்க வேண்டும். மூச்சு முட்டினால், வாய் திறந்தால், பல் கடித்தால் அங்கே அளவு மீறிவிட்டது. கண்ணாடி தேவையில்லை, ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நாளிலும் இது பிழையைக் காட்டிக்கொடுக்கும். தொடக்கக்காரருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பை வேறெந்த முறையிலும் நான் பார்த்ததில்லை.

பிராணாயாமத்தில் முதல் மூன்று மாதம் மூச்சை நிறுத்தவே வேண்டாம். மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடிசுத்தியில் நான்கு எண்ணிக்கை உள்ளே, ஆறு எண்ணிக்கை வெளியே, இரண்டிலிருந்து ஐந்து நிமிடம். கபாலபாதியை வேகப் போட்டியாக்கிவிட்டார்கள். அதில் வெளிமூச்சு மட்டும் அடிவயிறு உள்ளே போகும் உந்துதலால் நடக்கும், உள்மூச்சு தானாக நுழையும். தோள் குலுங்கினால் தவறு. நொடிக்கு ஒன்று வீதம் இருபது, இடையில் ஓய்வு, இப்படி மூன்று முறை போதும். தலை சுற்றினாலோ விரல் நுனி ஊறினாலோ அளவுக்கு மீறி மூச்சு வெளியேறுகிறது, நிறுத்திவிட வேண்டும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்யக்கூடாது. கண்ணில் கிளாக்கோமா இருந்தால் தலைகீழ் ஆசனங்கள் கிடையாது. சிரசாசனத்தை வீடியோ பார்த்துக் கற்கவே கூடாது, யாராக இருந்தாலும்.

மாதக்கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும். முதல் இரண்டு வாரம் செய்த மறுநாள், அதற்கடுத்த நாள் தசை வலிக்கும், மூன்றாம் நாள் குறையும். முதலில் தேறுவது சமநிலை. ஒரு மாதத்துக்குள் ஒற்றைக்காலில் நிற்கும் நேரம் கூடுவது தெரியும். தொடைப் பின்தசை மெதுவாகத்தான் விடும், இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவும் தொடக்கத்தில் தசை நீண்டுவிடுவதால் அல்ல. இழுப்பைத் தாங்கும் பழக்கம் நரம்புக்கு வருவதால்தான். அதனால்தான் தொடர்ந்து விட்டுவிட்டால் வந்தது திரும்பிப் போகிறது. ஆறாம் மாதத்தில் எதுவும் முன்னேறாததுபோலத் தோன்றும். அப்போது புதிய ஆசனம் தேடுவதைவிட, இருக்கும் ஆசனத்தில் மூன்று மூச்சுக்குப் பதில் ஆறு மூச்சு நிற்பது நல்ல பலன் தரும். தினமும் இருபது நிமிடம் செய்பவர் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் செய்பவரைவிட முன்னே போவதும் இதனால்தான்.

அந்த இருபது நிமிடம்: மூட்டுச் சுழற்சி 3, நின்று செய்பவை 5, சூரிய நமஸ்காரம் இரண்டு சுற்று 3, படுத்துச் செய்பவை 3, நாடிசுத்தி 2, சவாசனம் 4. சவாசனத்தில் கீழ்முதுகு வலித்தால் முழங்காலுக்குக் கீழே தலையணை. நேரம் குறைந்தால் சூரிய நமஸ்காரத்தை வெட்டலாம், சவாசனத்தை வெட்ட வேண்டாம். இன்னும் நீளமாகச் செய்ய விரும்பினால் ஆயுஷ் அமைச்சகத்தின் 45 நிமிடப் பொது யோகா நெறிமுறையின் வரிசை நல்லது. அதைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு நாள் மாற்றி மாற்றிச் செய்யலாம், தளர்த்தலும் சவாசனமும் மட்டும் இரு நாளும் இருக்கட்டும்.

ஆன்லைன் வகுப்பில் சேர்பவர்கள் போனை முகத்துக்கு நேரே வைக்கிறார்கள். ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது முதுகும் பாதமும். மேட்டின் நீளவாட்டுப் பக்கத்திலிருந்து எட்டடி தள்ளி, இடுப்பு உயரத்தில் நாற்காலிமேல் வைத்தால் குனியும்போது முதுகு எங்கே மடிகிறது என்று அவரால் சொல்ல முடியும். இருபது பேருக்கு மேல் உள்ள வகுப்பில் அதுவும் நடக்காது. முதல் மாதத்துக்காவது நேரில் சிறு வகுப்பு ஒன்றில் சேர்ந்துவிடுவது நல்லது.

மேட்டை வாரம் ஒருமுறை துடையுங்கள், மேற்பக்கம் வெளியே இருக்கும்படிச் சுருட்டி வையுங்கள். உள்ளே வைத்துச் சுருட்டினால் விரிக்கும்போது முனை எழும்பி நிற்கும். கை ஊன்றும் இடம் வழுவழுப்பானதும் தலைமாடு கால்மாடு மாற்றி இன்னும் சில மாதம் ஓட்டலாம். அதன்பிறகு ஒரு அடி அகலத் துண்டாக வெட்டி முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டால் அந்தத் துண்டு புது மேட்டைவிட அதிக நாள் உழைக்கும்.