‘ஐ7’ ஸ்டிக்கரை நம்பி நாலு கம்ப்யூட்டர் வாங்கிய கதை

மதுரை கீழமாரட் வீதிப் பக்கம் பலசரக்கு மொத்த வியாபாரம். பில் போட இரண்டு, கணக்குக்கு ஒன்று, டேலி டேட்டா கிடக்கும் மெயின் சிஸ்டம் ஒன்று என்று கடையில் நாலு கம்ப்யூட்டர். பழையவை திணற ஆரம்பித்ததால், 2025 சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு நாலையும் மாற்றினேன். மொத்தம் 98,000 ரூபாய்.

கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருக்கும் ப்ராசசரை இண்டெல், ஏஎம்டி என்ற ரெண்டு கம்பெனியில் எதில் வாங்குவது என்று, வாங்கும் முன் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. மச்சினன் ஏஎம்டி கட்சி. “மச்சான், ரைசன் 5600ஜி போடச் சொல்லுங்க. ஆறு கோர் வரும், தனியா கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம்” என்றான். கோர் என்றால் ப்ராசசருக்குள் வேலை பார்க்கும் பிரிவு. கடைக்காரத் தம்பி இண்டெல் கட்சி. “ஏஎம்டி சூடாகும்ணே, நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு வருஷம் தாங்காது. இண்டெல் ஐ7 போட்டுத் தர்றேன், கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்.” ரெண்டு மணி நேரம் இண்டெலா ஏஎம்டியா என்றே பேசினோம். எந்த ஐ7 என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கொட்டேஷனில் இருந்தது இவ்வளவுதான்: ‘இண்டெல் கோர் ஐ7, 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி’.

ஐந்து மாதம் ஓடியது. அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிகிறது என்று ஆடிட்டர் ஆபீஸ் பையன் 11 ஏற்ற வந்தான். இந்த ப்ராசசருக்கு ஏறாது என்று திரையிலேயே வந்துவிட்டது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைக் காட்டினான்: ஐ7-4770. “அண்ணே, இது 2013-ல வந்தது. நான் அப்ப ஆறாங்கிளாஸ்.”

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். கேபினட் புதுசு, எஸ்எஸ்டி புதுசு. ஆனால் ப்ராசசர் மேலிருந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் இடுக்கெல்லாம் சாம்பல் நிறத் தூசி, பஞ்சு மாதிரி அப்பியிருந்தது. அடியில் இருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. ராம் பழைய ரகமான டிடிஆர்3. ஃபேன் ஓரத்தில் பாதி கிழிந்த பார்கோடு ஒன்று. ஏதோ ஆபீஸ் கழித்துக் கட்டிய சரக்கு. எனக்கு வயிறு எரிந்தது. நாலையும் திறந்து பார்த்தோம், நாலும் அதே கதைதான்.

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் அந்தந்த வருஷத்து வரிசைக்குள் எது பெரிசு என்று மட்டுமே சொல்லும். விஷயம் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. 4770 என்றால் நாலாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் நாலு கோர்தான், ஆனால் என் ‘ஐ7’-ஐ எளிதாக முந்திவிடும். விண்டோஸ் 11-க்கு இண்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அதற்கு மேல் இருக்க வேண்டும்.

அந்தச் சூட்டுக் கதையையும் பார்த்தேன். எனக்கு விற்ற 4770-க்குக் கம்பெனி போட்டிருக்கும் சூட்டு அளவு 84 வாட். ‘சூடாகும்’ என்று தள்ளிவிட்ட 5600ஜி-க்கு 65 வாட்! ஏஎம்டியின் பழைய எஃப்எக்ஸ் வரிசையில் 220 வாட் வரை இருந்தது உண்மை. 2017-ல் ரைசன் வந்த பிறகும் அதையே சொல்லி வியாபாரம் பண்ணுகிறார்கள்.

அதற்காக மச்சினன் கட்சி யோக்கியம் என்றும் இல்லை. லேப்டாப்பில் ரைசன் 5 7520யு என்று ஒன்று வருகிறது. 7000 வரிசை என்று புதுசாகத் தெரியும். உள்ளே இருக்கும் டிசைனைச் சொல்வது மூன்றாவது இலக்கம். அது 2, அதாவது உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 டிசைன். என் பில்லிங் வேலைக்கு ரெண்டு கம்பெனியில் எதுவும் போதும். புதுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். முகம் கூட மாறவில்லை. “நீங்க ஐ7 கேட்டீங்க, ஐ7 குடுத்தோம்ணே. பழசுன்னு எங்கயும் எழுதலையே?” புதுசு என்றும் எழுதவில்லை! பில்லில் ‘அசெம்பிள்டு கம்ப்யூட்டர் – 4 செட்’ என்று ஒரே வரி. மாடல் எண் இல்லை, சீரியல் எண் இல்லை. செட்டுக்கு 6,000 வைத்துத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார், ஏதோ தயவு பண்ணுவது போல.

நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அடிக்கலாம் என்று இருந்தேன். தெரிந்த வக்கீல் ஒரு முட்டுக்கட்டை சொன்னார்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபார நோக்கத்துக்கு வாங்கிய பொருள் என்றால் நீங்கள் ‘நுகர்வோர்’ ஆக மாட்டீர்கள். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியது என்றால் விலக்கு உண்டு. நாலு ஆள் வேலை பார்க்கும் கடைக்கு அது செல்லுமா என்று நுகர்வோர் கமிஷனில் வாதாட வேண்டிவருமாம். இப்போதைக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் இல்லை.

கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கொட்டேஷனிலும் பில்லிலும் ப்ராசசரின் முழு எண்ணை எழுதி வாங்குங்கள். ப்ராசசரின் சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், அந்த டப்பாவையும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். டப்பா இல்லாமல் டிரேயில் மொத்தச் சரக்காக வந்தது என்றால் கம்பெனியிடம் நேராக வாரண்டி கேட்க முடியாது. பணம் கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். “அதெல்லாம் எதுக்குண்ணே, நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.