பழைய தபால் பேட்டர்னா, புது மறுபதிப்பா?

அமெரிக்கச் செய்தித்தாள் விளம்பரம் பார்த்துச் சில சென்ட் காசு அனுப்பினால் தபாலில் வீடு தேடி வந்த ஆன் ஆடம்ஸ், மரியன் மார்ட்டின் மாதிரியான பிராண்டுகளின் 1940கள் கவுன் பேட்டர்ன்களில் (துணியை எந்த வடிவில் வெட்டுவது என்று காட்டும் தாள்களில்) பெரும்பாலும் அச்சே கிடையாது. வெறும் டிஷ்யூ தாள், ஓரத்தில் சின்ன வெட்டுகள், நடுவில் துளைகள். எந்தத் துளை டார்ட் (உடம்போடு பொருந்தத் துணியை மடித்துத் தைக்கும் இடம்), எது இழை ஓட்டம் (துணியின் நூல் போகும் திசை) என்று கூடவே வரும் வழிமுறைத் தாளை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அந்தக் காலப் பேட்டர்னை இன்று திரும்ப வெளியிடும் மறுபதிப்பில் அந்தத் தொல்லை இல்லை, எல்லாக் கோடும் அச்சிட்டிருக்கும், பல அளவும் ஒரே உறையில் கிடைக்கும்.

அளவுதான் பெரிய பொறி. அன்றைய அளவு எண் 14 என்றால் மார்பளவு 32 அங்குலம், 1967க்குப் பிறகு அதே 14 என்பது 36. அதனால் எண்ணைப் பார்க்காதீர்கள், அங்குலத்தைப் பாருங்கள்.

ஆனாலும் எனக்குப் பிடித்தது பழசுதான். மறுபதிப்பில் பல சமயம் தளர்வு (உடம்பளவுக்கு மேல் விடும் கூடுதல் துணி) கூட்டிவிடுகிறார்கள், அப்புறம் இடுப்பில் அந்தக் கச்சிதம் வருவதில்லை. முதல் தடவை தைக்கிறவர்கள் மறுபதிப்பையே எடுங்கள். பழசு கையில் கிடைத்தால் மூலத்தாளில் கத்தரி வைக்காமல் வேறு தாளில் பிரதி எடுத்து, மலிவான காடாத் துணியில் ஒருமுறை தைத்துப் போட்டுப் பாருங்கள்.