டிஆர்6 காரின் முன்பக்கச் சேசிஸை வலுப்படுத்தக் கொடுத்து ஏமாந்த கதை: ஓர் எச்சரிக்கை

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான டிரயம்ப் டிஆர்6-ஓ, அதே வகைச் சேசிஸ் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டகம்) கொண்ட டிஆர்4ஏ, டிஆர்5 கார்களோ வைத்திருப்பவர்கள், முன்பக்க சஸ்பென்ஷனை (சக்கரத்தைச் சேசிஸோடு இணைத்து அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பை) வலுப்படுத்தும் வேலையை ஒரு பட்டறையிடம் ஒப்படைக்கும் முன் தயவுசெய்து இதை முழுமையாகப் படியுங்கள். பட்டறையின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. அவர்கள் செய்த வேலை எப்படிப்பட்டது என்பதை மட்டும், நான் கண்ணால் பார்த்து, அளந்து தெரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

1968 முதல் 1976 வரை தயாரான டிஆர்6-இல் பாடி தனி, சேசிஸ் தனி. வண்டியின் விறைப்பு பெரும்பாலும் சேசிஸையே நம்பியிருக்கிறது. 2498 சிசி கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட வார்ப்பிரும்பு எஞ்சினின் எடை முன்பக்கத்தில் கணிசமாக இறங்குகிறது. சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கையான கீழ் விஷ்போனின் உள்முனைகளைத் தாங்குபவை சேசிஸில் பொருத்தப்பட்ட சிறிய பிராக்கெட்டுகள்தாம். பிரேக் அடிக்கும்போதும், சக்கரம் பள்ளத்தில் விழும்போதும், வளைவில் திரும்பும்போதும் வருகிற விசையில் பெரும்பங்கு அவற்றின் வழியாகச் சேசிஸுக்குப் போகிறது. இத்தனை ஆண்டுகளில் அந்த இடத்து இரும்பு களைத்து விரிசல் விடுவது இந்தக் கார்களில் எல்லோரும் அறிந்த குறை. என் வண்டியிலும் இடதுபக்கப் பிராக்கெட்டின் அடியில் மெல்லிய விரிசல் இருந்தது. அதைக் காட்டித்தான் வேலையைக் கொடுத்தேன்.

விரிசலைச் சரிசெய்து, பிராக்கெட்டுகளுக்குத் துணைத் தகடு வைத்து, விஷ்போன் அசையும் இடங்களில் இருக்கும் ரப்பர் உருளைகளான புஷ்களுக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் புஷ்களும் விறைப்பான ஸ்பிரிங்குகளும் பொருத்தித் தருவதாகச் சொன்னார்கள். சேசிஸை அளந்து பார்த்த பிறகே வெல்டிங் செய்வோம் என்றும் உறுதியளித்தார்கள். வண்டி திரும்பி வந்தபோது அடிப்பகுதி முழுவதும் கறுப்புக் கோட்டிங் தடிமனாகப் பூசப்பட்டு, பார்ப்பதற்குப் புதியது போல இருந்தது. அந்தப் பளபளப்பைக் கண்டு நானும் நிம்மதி அடைந்தேன்.

முதல் நாளே புஷ்கள் கிறீச்சிட்டன. ஓட்டி ஓட்டிப் பழகினால் நின்றுவிடும் என்றார்கள். அது உண்மையல்ல. ரப்பர் புஷ் தானே முறுகி அசைவைத் தாங்கும். பாலியூரித்தேன் புஷ்ஷோ உள்ளே இருக்கும் குழாயின் மேல் சுழன்றாக வேண்டும். அதற்கு உரிய கிரீஸ் இல்லாமல் காய்ந்த நிலையில் மாட்டினால் அது இறுகிப் பிடிக்கும், பிறகு தேயும். சில வாரங்களில் கை விட்டால் வண்டி இடதுபக்கம் இழுக்கத் தொடங்கியது. இடது முன் டயரின் உள்விளிம்பு மட்டும் வேகமாகத் தேய்ந்தது. அலைன்மென்ட் பார்க்கக் கொண்டு போன இடத்தில், கேம்பரை (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணத்தை) சரிசெய்யப் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் இடையே வைக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்களை எவ்வளவு மாற்றினாலும் இடதுபக்கம் அளவுக்குள் வரவில்லை என்று சொல்லி, அடியில் ஏதோ கோணலாக இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி, தட்டையான ஸ்குரூடிரைவரால் கோட்டிங்கைச் சுரண்டினேன். தோல் உரிவது போல அது பெரிய பெரிய ஏடுகளாகக் கழன்று வந்தது. உள்ளே துணைத் தகடு இருந்தது. ஆனால் பழைய விரிசல் அப்படியே இருக்க, அதன் மேல் தகட்டை வைத்துச் சுற்றிலும் பற்றவைத்திருந்தார்கள். விரிசலின் நுனி தகட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீண்டு, பழுப்புத் துருவோடு ஒரு மயிரிழை போலத் தெரிந்தது. தகடு சேசிஸின் சுவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமன். மூலைகள் கூர்மையாக வெட்டப்பட்டிருந்தன. மெல்லிய சுவரில் இப்படித் தடித்த தகட்டை ஒட்டினால், வளைக்கும் விசை தகடு முடியும் ஓரத்திலேயே குவிந்து, அங்கேயே புதிய விரிசல் பிறக்கும். மறுபக்க மூலையில் அது ஏற்கெனவே பிறந்திருந்தது. ஸ்பிரிங்குகளைத் தாங்கும் தூண்களான ஸ்பிரிங் டவர்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் குழாயின் ஒரு போல்ட்டைக் கையாலேயே சுழற்ற முடிந்தது.

அடுத்த நாள் சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, சேசிஸின் குறிப்பிட்ட துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, குறுக்கு மூலைகளை அளந்தேன். ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டிய அந்த இரண்டு அளவுகளுக்கும் இடையே 11 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. சேசிஸை அவர்கள் அளக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறுதியானது. கோணல் முன்பே இருந்திருக்கலாம், அல்லது ஜாக்கைத் தவறான இடத்தில் வைத்து வெல்டிங் செய்தபோது வந்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும், அதைத் தகடு வைத்து நிரந்தரமாக்கிவிட்டார்கள். இதுவே என்னை மிகவும் வருத்தியது. ரப்பர் புஷ் உறிஞ்சிக்கொண்டிருந்த அதிர்ச்சியைப் புதிய புஷ்ஷும் விறைப்பான ஸ்பிரிங்கும் நேராகப் பிராக்கெட்டுக்கு அனுப்பின. ஆகவே இந்த வேலைக்குப் பிறகு என் வண்டி முன்பைவிட ஆபத்தானதாகவே ஓடியிருக்கிறது. அதில் என் குடும்பத்தை உட்கார வைத்து ஓட்டினேன் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

படங்களோடு சென்று கேட்டேன். பந்தயக் கார் போல விறைப்பாக வேண்டும் என்று கேட்டது நீங்கள்தானே, பழைய வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சொன்னார்கள். அளந்த குறிப்பைக் கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லை. புஷ்களை மட்டும் இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன்.

பிறகு வேறொருவர், சஸ்பென்ஷனையும் எஞ்சினையும் இறக்கி, பழைய தகடுகளை வெட்டி எடுத்தார். சேசிஸைச் சரியான அளவில் பிடித்து நிறுத்தும் சட்டமான ஜிக்கில் பூட்டி நேராக்கிய பிறகே வெல்டிங் பக்கம் போனார். விரிசலின் நுனியில் சிறு துளையிட்டு, விரிசல் நெடுகிலும் வி வடிவில் அரைத்து, அடிவரை உருகிப் பிடிக்கும்படி பற்றவைத்தார். அதன் பின்னர், சேசிஸின் தடிமனுக்கு நெருக்கமான, மூலைகள் உருட்டப்பட்ட தகடுகளை வைத்தார். வெல்டிங்கின்போது பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. மூடிய பகுதிகளுக்குள் மெழுகு தெளித்து, நீர் வடியும் துளைகளையும் திறந்து வைத்தார். ஒவ்வொரு கட்டத்தையும், கோட்டிங் பூசும் முன், படமெடுத்து எனக்கு அனுப்பினார். நான் முதல் பட்டறையிடம் கேட்டிருக்க வேண்டியதும், நீங்கள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியதும் இவைதாம்: வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த குறுக்களவுகள், கோட்டிங் இல்லாத வெல்டிங்கின் படங்கள்.

இப்போது குறுக்களவுகளின் வித்தியாசம் 2 மில்லிமீட்டர். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் ஷிம்கள் இருக்கின்றன. ஸ்பிரிங்குகளைப் பழைய விறைப்புக்கே மாற்றிக்கொண்டேன். விரிசலோடு வெட்டி எடுத்த அந்தத் தகட்டுத் துண்டை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வண்டியை வேலைக்குக் கொடுக்கும் முன் அதைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்புவோர் கேட்டால் காட்டுகிறேன்.