நான்கு வானிலைச் சேனல்கள், ஒரு புயல்: அமெரிக்காவில் எதைப் போட்டு வைப்பது?

அமெரிக்காவில் நாள் முழுக்க வானிலையை மட்டுமே பேசும் சேனல்களில் நான்கு முக்கியமானவை: தி வெதர் சேனல், ஃபாக்ஸ் வெதர், வெதர்நேஷன், அக்யூவெதர் நெட்வொர்க். இவற்றில் எது துல்லியம் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். புயல் நேரத்தில் அந்தக் கேள்வியால் பெரிய பயன் கிடையாது. டொர்னாடோ (மேகத்திலிருந்து தரை தொடும் சுழல்காற்று) எச்சரிக்கை விடுவது இந்த நால்வரில் யாரும் இல்லை, அரசின் தேசிய வானிலைச் சேவையின் 122 உள்ளூர் அலுவலகங்கள். ஹரிக்கேன் (கடலில் உருவாகும் பெரும்புயல்) எங்கே போகும் என்று அறிவிப்பது மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையம். நாளைக்கு எந்தப் பக்கம் டொர்னாடோவும் கடும் இடிமழையும் வர வாய்ப்பு என்று ஐந்து படிகளாகப் பிரித்து வரைபடம் போடுவது ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் கணிப்பு மையம். திரையில் சிவப்பும் பச்சையுமாக ஓடும் ரேடார் படத்துக்கும் அடிப்படை பெரும்பாலும் அரசின் ரேடார்கள்தான். மாவு ஒன்றுதான், தோசைக்கல்தான் வேறு.

ஆகவே பார்க்க வேண்டியவை வேறு. எந்தக் கம்பி வழியாக உங்கள் வீட்டுக்கு வருகிறது? உங்கள் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற பகுதி) எவ்வளவு அருகில் வந்து பேசுகிறது? ராத்திரி இரண்டு மணிக்கு நேரலையில் ஆள் இருக்கிறாரா? புயல் வீட்டு வாசலுக்கு வரும்போது படம் நிற்குமா, போகுமா?

மூத்தது தி வெதர் சேனல். ஜான் கோல்மனும் ஃபிராங்க் பேட்டனும் தொடங்கி, 1982 மே 2 முதல் ஓடுகிறது. தலைமையிடம் அட்லாண்டா. இதன் உண்மையான பலம் தொகுப்பாளர்களிடம் இல்லை, கேபிள் நிறுவனத்தின் அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டியில் இருக்கிறது. வெதர்ஸ்டார் என்று தொடங்கி இப்போது இன்டெலிஸ்டார் என்று பெயர் மாறியிருக்கும் அந்தக் கணினி, அட்லாண்டாவிலிருந்து வரும் பொது ஒளிபரப்போடு உள்ளூர்த் தரவையும் வாங்கி, அந்த ஊருக்கான பக்கங்களைத் தானே வரைந்து நடுவில் செருகும். ஒவ்வொரு மணியிலும் 8, 18, 28 என்று எட்டில் முடியும் நிமிடங்களில் வரும் உள்ளூர் முன்னறிவிப்பு இதன் வேலை. உங்கள் கவுண்டிக்கு எச்சரிக்கை வந்தால் திரையின் அடியில் பட்டை ஓட விடுவதும் இதுவே. ஒரு கேபிள் அறை பல ஊர்களுக்குச் சேவை செய்தால், பக்கத்து ஊரின் வெப்பநிலையை உங்கள் ஊர்ப் பெயரில் காட்டும் வாய்ப்பும் உண்டு. குடி வந்ததும் எந்த நிலையத்தின் பெயர் வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சௌகரியம் குறைவு. வானத்திலிருந்து வருவது நாடு முழுவதற்கும் ஒரே ஒளிபரப்பு, நடுவில் செருகக் கேபிள் அறை இல்லை. உள்ளூர்த் தகவலை டிஷ் பெட்டியே தனியாகக் காட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை மழை. அமெரிக்காவில் டிஷ் தெற்கு வானத்தைப் பார்த்திருக்கும். சமவெளி மாநிலங்களில் கடும் இடிமழை மேகங்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நகர்பவை. மழையின் கனமான பகுதி டிஷ்ஷுக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவே வந்து நிற்கும் நேரமும், அது உங்கள் வீட்டை நெருங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். எந்தச் சேனலானாலும் தேவைப்படும் கடைசிப் பத்து நிமிடத்தில் ‘சிக்னல் இல்லை’ என்று வரும். டிஷ்ஷை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு நான்கில் எது சிறந்தது என்ற கேள்விக்கே இடமில்லை.

வெதர் சேனலின் பலவீனம் அதன் மாலை நேரம். புயல் இல்லாத நாட்களில் சாயங்காலமும் வார இறுதியும் ஆவணத் தொடர்களும் பதிவு நிகழ்ச்சிகளும் ஓடும். இதனால் ஒருமுறை நன்றாகவே சூடு பட்டது. 2014 ஜனவரியில் டைரக்ட்டிவி என்ற டிஷ் நிறுவனம் இந்தச் சேனலைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வெதர்நேஷனை வைத்தது. ஏப்ரலில் திரும்ப வந்தபோது, வார நாட்களில் ரியாலிட்டி நிகழ்ச்சிகளைப் பாதியாகக் குறைக்கிறோம் என்று ஒப்புக்கொண்டுதான் வந்தது. பெரிய புயல் என்றால் இன்றும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நேரலைக்குப் போகும். அப்போது அதன் ஆள்பலம் மற்ற மூவருக்கும் இல்லாதது. 1986 முதல் அங்கே இருக்கும் புயல் நிருபர் ஜிம் கேன்டோரி உங்கள் ஊரில் வந்து நின்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்பது அங்கே பழைய நகைச்சுவை.

காற்றில் சாய்ந்து நிற்கும் நிருபரைவிடப் பயனுள்ளதாக இந்தச் சேனல் செய்த வேலை ஒன்று உண்டு. 2018 செப்டம்பரில் ஃபிளாரன்ஸ் ஹரிக்கேன் வந்தபோது, ஸ்டுடியோவில் நிற்கும் தொகுப்பாளரைச் சுற்றிக் கடல்நீர் 3 அடி, 6 அடி, 9 அடி என்று உயர்வதை முப்பரிமாணத்தில் காட்டினார்கள். இடுப்பளவில் காரின் கதி என்ன, தலைக்கு மேலே போனால் தெரு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டால், ‘ஒன்பது அடி வரை கடல் ஏறலாம்’ என்ற வெறும் வரி வேறு மாதிரிக் கேட்கும். அதே ஃபிளாரன்ஸில்தான், நிருபர் ஒருவர் காற்றோடு மல்லுக்கட்ட, பின்னால் இருவர் சாவகாசமாக நடந்துபோன காட்சியும் ஊர் சிரித்தது. அவர் ஈரப்புல்லில் நிற்கிறார், அவர்கள் சிமென்ட் தரையில் நடக்கிறார்கள் என்று சேனல் விளக்கம் சொன்னது.

பனிப்புயல்களுக்குப் பெயர் வைப்பதும் இவர்கள் வழக்கம். 2012 குளிர்காலத்தில் தொடங்கினார்கள், தேசிய வானிலைச் சேவை அதை ஏற்கவில்லை. நம் வங்கக் கடல் புயல்களுக்கு நாடுகள் கூடித் தரும் பட்டியலிலிருந்து அதிகாரபூர்வமாகப் பெயர் வரும். இங்கே ஒரு டிவி நிறுவனம் தானே சூட்டுகிறது. வெதர் சேனல் சொல்லும் பனிப்புயல் பெயரை அரசு அறிக்கையில் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான்.

இன்னொரு குழப்பம்: கைபேசியில் இருக்கும் வெதர் சேனல் செயலியும் டிவி சேனலும் ஒரே வீடு இல்லை. இணையதளத்தையும் செயலியையும் ஐபிஎம் வாங்கிப் பிறகு விற்றுவிட்டது. டிவியை மட்டும் 2018-ல் பைரன் ஆலனின் நிறுவனம் வாங்கியது. செயலியில் ஒரு வெப்பநிலை, டிவியில் வேறு வெப்பநிலை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஃபாக்ஸ் வெதர் 2021 அக்டோபர் 25-ல் நியூயார்க்கிலிருந்து வந்தது. கேபிள் கட்டணம் வேண்டாம், செயலியை இறக்கினால் இலவசம். பல நகரங்களில் ஃபாக்ஸுக்குச் சொந்த நிலையங்கள் இருப்பதால், அந்தந்த ஊர் வானிலையாளர்களையும் கேமராவையும் சட்டென்று இணைக்க முடிகிறது. கேபிள் இணைப்பை விட்டவர்களுக்கு முதல் தேர்வாக இதைச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. இணையத்தில் வரும் நேரலை அரை நிமிடமோ அதற்கு மேலோ பிந்தி வரும். அதோடு மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும். ரவுட்டருக்கும் மோடத்துக்கும் ஒரு சிறு யுபிஎஸ் இல்லாமல் இதை மட்டும் நம்புவது சரியில்லை.

வெதர்நேஷன் கொலராடோவில், டென்வர் பக்கம் இருந்து இயங்குகிறது. கத்தல் குறைவு, மேப்பு அதிகம். களத்தில் ஆட்கள் குறைவு. வாரம் முழுக்க எங்கே மழை, எங்கே பனி என்று பயணத் திட்டம் போடுபவருக்கு இதுவே சுகம். அக்யூவெதர் நெட்வொர்க் 2015 மார்ச்சில் பிறந்தது. வெரைசன் ஃபயோஸ் என்ற டிவி சேவை வெதர் சேனலை நீக்கியபோது அந்த இடத்துக்கு வந்தது. தாய் நிறுவனம் 1962 முதல் பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜில் இருக்கிறது. கணிப்பைச் சொந்தமாகவே செய்கிறார்கள். முதல் மூன்று, நான்கு நாள் கணிப்பு உருப்படியானது. ஆனால் 90 நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மழை பெய்யுமா என்று அவர்கள் செயலி காட்டுவதை வைத்துக் கல்யாண மண்டபம் முடிவு செய்யாதீர்கள். தினசரிக் கணிப்புக்கு அவ்வளவு தூரம் நீளும் திறமை இன்று யாரிடமும் இல்லை.

நான்கில் எதைப் பார்த்தாலும் இரண்டு படங்களில் ஏமாறுவது நடக்கும். ஒன்று ரேடார். மழை நாளில் ஒரு ரேடார் முழுச் சுற்று முடிக்க 4 முதல் 6 நிமிடம் ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் டொர்னாடோ 5 நிமிடத்தில் 6 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். படத்தின் மூலையில் இருக்கும் நேரத்தைப் பார்க்காமல் ‘இன்னும் நம்ம தெருவுக்கு வரலை’ என்று நினைப்பது ஆபத்து. அதுபோல, ரேடார் கதிர் தூரம் போகப் போக உயரும். மிகத் தாழ்வான அரை டிகிரிக் கோணத்தில்கூட 100 கிலோமீட்டர் தாண்டும்போது தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே இருக்கும். கீழே சுழல்வது அதற்குத் தெரியாமல் போகலாம்.

இன்னொன்று ஹரிக்கேன் கூம்பு, அதாவது புயல் போகக்கூடிய பாதையை வரைபடத்தில் காட்டும் கூம்பு வடிவம். புயலின் மையம் மூன்றில் இரண்டு தடவை அதற்குள் இருக்கும் என்பதே அதன் பொருள். காற்று, கடல் ஏற்றம், மழை எதுவும் அந்தக் கோட்டோடு நிற்பதில்லை. 2022 செப்டம்பரில் இயன் ஹரிக்கேன் ஃபுளோரிடாவில் கரையைத் தொடுவதற்கு இரண்டு, மூன்று நாள் முன்பு பேச்செல்லாம் டாம்பா நகரைப் பற்றி. 28-ம் தேதி அது தெற்கே தள்ளிக் கரையேறியது. கூம்பின் ஓரத்தில் இருந்த ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் 10 முதல் 15 அடி வரை தண்ணீர். ஹரிக்கேன் மையத்தின் முழு அறிக்கை கிழக்குக் கோடை நேரப்படி 5, 11, 5, 11 மணிக்கு வரும். கரைக்கு எச்சரிக்கை விட்டுவிட்டால் நடுவில் 2, 8 மணிகளிலும் வரும். அந்த நேரங்களை ஒட்டிப் பத்து நிமிடம் பார்த்தால் போதும். இடைப்பட்ட நேரத்தில் நான்கு சேனலும் பழைய அறிக்கையைத்தான் புதுக்குரலில் சொல்லும்.

டொர்னாடோ என்றால் இந்த நால்வரையும் விட்டுவிட்டு உள்ளூர் நிலையத்துக்குப் போங்கள். தேசியச் சேனல் ஒரே சமயத்தில் மூன்று மாநிலத்தைப் பேச வேண்டும். அலபாமாவில் உள்ள பர்மிங்ஹாமின் ஜேம்ஸ் ஸ்பான் போன்ற உள்ளூர் வானிலையாளர், எந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி எந்தச் சாலையில் வருகிறது என்று பெயர் சொல்லிப் பேசுவார். சாதாரண ஆன்டெனா போதும், இலவசம். வீடு மாறினாலோ ஆன்டெனாவை நகர்த்தினாலோ டிவியில் சேனல் ஸ்கேன் மறுபடி ஓட்ட வேண்டும். மழைக்காலம் வந்த பிறகு அது நினைவுக்கு வருவதில்தான் தவறு நடக்கிறது.

தூங்கும்போது டிவி எதுவும் உதவாது. 2020 மார்ச் 3-ம் தேதி அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன் டென்னசியின் குக்வில் பகுதியை அடித்த டொர்னாடோவில் அந்தக் கவுண்டியில் மட்டும் 19 பேர் இறந்தார்கள். அந்த நேரத்துக்கான சாதனம் நோவா வெதர் ரேடியோ, அரசின் எச்சரிக்கை வந்தால் தானே அலறும் வானொலிப் பெட்டி. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகள், அவற்றில் உங்கள் பக்கம் தெளிவாகக் கேட்பதை வையுங்கள். பிறகு கவுண்டியின் ஆறு இலக்க எண்ணை ஏற்ற வேண்டும். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டிக்கு 048201. இந்தப் படியைத் தாண்டிவிட்டு ‘எல்லாக் கவுண்டியும்’ என்ற அமைப்பிலேயே விடுவதுதான் வழக்கமான பிழை. சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் நடுராத்திரி அலறும், மூன்றாவது இரவு யாராவது பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். பின்பக்கம் பேட்டரி போடுங்கள், ஆனால் பேட்டரியில் மட்டும் ஓட விடாதீர்கள். வாராந்திரச் சோதனை ஒலி பெரும்பாலும் புதன்கிழமை பகலில் வரும். அன்றைக்கு விளக்கு மின்னவில்லை என்றால் அலைவரிசையோ ஆன்டெனாவோ சரியில்லை, செட்டை ஜன்னல் பக்கம் நகர்த்திப் பாருங்கள்.