மெடிக்கல் ஸ்கூலுக்கு முன்னால் மாஸ்டர்ஸா, போஸ்ட்-பேக்கா?

அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்க நினைத்து, இளநிலைப் பட்டத்தின் சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏ, 4க்கு 3.2 பக்கம் நின்றுபோனவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. 3.7 வைத்திருந்தால் நேராக விண்ணப்பித்துவிடலாம், இரண்டுமே வேண்டாம். எனக்கு 3.2, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி வேறு. எஸ்எம்பி (ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் புரோகிராம்) எனும், மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயார்செய்யும் ஓராண்டு மாஸ்டர்ஸை விட்டுவிட்டு, வேலை பார்த்துக்கொண்டே மாநிலப் பல்கலைக்கழகத்தில் கூடுதல் இளநிலைப் பாடங்களை, அதாவது போஸ்ட்-பேக், எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எஸ்எம்பியின் பலம் தெரிந்ததுதான்: ஒரே வருடம், பல இடங்களில் முதலாண்டு மருத்துவ மாணவர்களோடு அதே பாடம், அதே தேர்வு. ஆனால் அங்கே பி, பி என்று வந்துவிட்டால் மருத்துவப் பாடத்தையே சமாளிக்க முடியாதவர் என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி.

என்னைத் தீர்மானிக்க வைத்தது, மதிப்பெண் எந்தக் கணக்கில் போய்ச் சேருகிறது என்பதுதான். ஏஎம்சிஏஎஸ் எனும், பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் இளநிலை ஜிபிஏ தனி, முதுநிலை ஜிபிஏ தனி. மாஸ்டர்ஸில் 4.0 வாங்கினாலும் அந்தப் பழைய 3.2 அசையாது. போஸ்ட்-பேக் பாடங்களோ இளநிலைக் கணக்கிலேயே சேரும். 120 கிரெடிட்டில் 3.2 இருந்து, இன்னும் 30 கிரெடிட் முழுக்க ஏ வாங்கினால் 3.36. இவ்வளவுதானா என்று தோன்றும், சரி, அறிவியல் ஜிபிஏவைத் தனியாகப் போட்டுப் பாருங்கள்: 50 கிரெடிட்டில் 2.9 இருந்தது, பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி, ஜெனெடிக்ஸ் என்று அந்த 30ம் சேர்ந்ததும் 3.3ஐத் தொட்டுவிட்டது. பழைய சி-யைத் திரும்ப எழுதவில்லை; எழுதினாலும் பழையது கணக்கிலிருந்து போகாது. எம்.டி.க்குப் பதில் டி.ஓ. எனும் மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளின் விண்ணப்பத்தில்கூட, பழைய மதிப்பெண்ணை நீக்கிப் புதியதை வைக்கும் வழக்கம் 2017லேயே நின்றுவிட்டது.

அப்புறம் பணம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் எனும், முதுநிலை மாணவர்களுக்கான மத்திய அரசுக் கடன் கிடையாது, மாஸ்டர்ஸுக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர்தான். எஸ்எம்பி கட்டணம் பல இடங்களில் அதைத் தாண்டும்.

எஸ்எம்பி வகுப்பில் நான் உட்கார்ந்ததில்லை, என் அறைத்தோழி சொல்லிக் கேட்டதுதான். அவளிடம் ஏற்கெனவே 160 கிரெடிட்டுக்கு மேல் இருந்தது, ஜிபிஏ 3.0க்குக் கீழே. எத்தனை ஏ சேர்த்தாலும் பெரிதாக நகராத நிலை, அதனால் எஸ்எம்பி போனாள், மெடிக்கல் ஸ்கூலில் இடமும் கிடைத்தது. அந்த நிலையில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் யோசித்திருப்பேன்.

போஸ்ட்-பேக்கில் எனக்கு இரண்டு வருடம் போனது. பல கல்லூரிகள் இரண்டு மூன்று வருடத்துக்குள் எழுதிய எம்கேட் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணைத்தான் ஏற்கும் என்பதால், அதைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளிவைத்து எழுதினேன்.