பாலித் தீவில் எரிமலையைப் பார்ப்பது: மூன்று வழிகாட்டிப் பயணங்கள், ஆறாண்டு அனுபவம்

சென்னை தண்டையார்பேட்டையிலிருந்து இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு நாங்கள் மூன்று முறை சென்று வந்திருக்கிறோம். 2018 மே மாதத்தில் நானும் என் மனைவியும் சென்றோம். 2019 செப்டம்பரில் அக்கா குடும்பமும் உடன் வந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் 68 வயதான என் அம்மாவை அழைத்துச் சென்றோம். மூன்றுமே வழிகாட்டிக்கும் வண்டிக்கும் சேர்த்து முன்பணம் கட்டிச் சென்ற நான்கு இரவுப் பயணங்கள். தீவும் மலையும் மாறவில்லை. ஆனாலும் முதல் பயணத்தில் பாத்தூர் எரிமலையைப் பார்க்காமலேயே திரும்பினோம், மற்ற இரண்டிலும் அதன் மடியிலேயே இருந்தோம். இரவில் எங்கே தங்கினோம் என்பதைத் தவிர இந்த வேறுபாட்டுக்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதல் பயணத்தை மண்ணடியில் ஒரு முகவர் மூலம் ஏற்பாடு செய்தோம். நான்கு இரவும் தெற்கே கூட்டா கடற்கரையில் அறை. மூன்றாம் நாள் அட்டவணையில் ‘கிந்தாமணி எரிமலைக் காட்சியுடன் மதிய உணவு’ என்று இருந்தது. பாத்தூரைச் சூழ்ந்த மலைப்பகுதிதான் கிந்தாமணி. காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, வழியில் ஒரு துணிக்கடை, ஒரு வெள்ளிப் பட்டறை, ஒரு காப்பித் தோட்டம் என நிறுத்தி நிறுத்தி, மலை விளிம்பில் உள்ள பெனெலோக்கானை அடைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். எங்களுக்கு முன்னால் வெள்ளைத் திரையைப் போல மேகம் மட்டுமே இருந்தது. ஒரு மணி நேரம் உணவகத்தில் காத்திருந்தும் அது விலகவில்லை. அன்று நாங்கள் பார்த்த எரிமலை, உணவகச் சுவரில் மாட்டியிருந்த புகைப்படம்தான்.

மேகத்தைக் குறை சொல்வதற்கில்லை. காலை வெயில் ஏற ஏற மலைச்சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேலே எழுந்து, நண்பகலுக்குள் உச்சிகளைச் சுற்றி மேகமாகத் திரண்டுவிடுவது வெப்பமண்டல மலைகளின் இயல்பு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில்கூட, தெளிவான வானம் பெரும்பாலும் விடியலை ஒட்டிய சில மணி நேரத்துக்கே கிடைக்கிறது. கூட்டாவிலிருந்து கிந்தாமணிக்கு மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே கடற்கரையில் படுத்து எழுந்து எரிமலையைப் பார்க்க விரும்புபவர், நள்ளிரவு ஒன்றரை மணிக்கு அறையை விட்டுக் கிளம்ப வேண்டும். இல்லையென்றால் எங்களைப் போலப் புகைப்படத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். விற்கப்படும் அட்டவணைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதை, பின்னர் பத்துப் பன்னிரண்டு அட்டவணைகளை வாங்கி ஒப்பிட்டபோது கண்டேன்.

எனவே 2019 பயணத்துக்கு நானே ஒரு திட்டம் எழுதி, பாலியைச் சேர்ந்த ஒரு வழிகாட்டிக்கு நேரடியாக அனுப்பினேன். முதல் இரண்டு இரவுகள் பாத்தூர் ஏரிக்கரையில் உள்ள தோயா புங்கா கிராமத்தில். அடுத்த இரண்டு இரவுகள் கடலோரம் சானூரில். விமான நிலையத்திலிருந்து நேரே மலைக்குச் செல்வது களைப்பாக இருக்குமே என்று அக்கா தயங்கினார். ஆனால் மாலை வெளிச்சத்தில் பெனெலோக்கானிலிருந்து கீழே இறங்கும் வளைவுப் பாதையில் வண்டி திரும்பியதும், பின்இருக்கையில் பேச்சு நின்றுவிட்டது.

அந்த இடத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டு சென்றால் பார்ப்பது இரட்டிப்பாகும். மேலே விளிம்பில் நிற்கும்போது நாம் நிற்பதே ஒரு பழைய எரிமலையின் உடைந்த சுவர்மீதுதான். ஏறத்தாழ 29,000 ஆண்டுகளுக்கு முன்பும், மீண்டும் 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் நிகழ்ந்த பெருவெடிப்புகளில் மலை உள்ளே சரிந்து, சுமார் 13 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பெரும் பள்ளம் உண்டானது. அந்தப் பள்ளத்துக்குள் பிறை வடிவில் ஏரி. ஏரிக்கு அருகே பின்னாளில் எழுந்த 1,717 மீட்டர் உயரமுள்ள பாத்தூர் மலை. 2012-இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா வலையமைப்பில் இடம்பெற்ற இந்த நிலப்பகுதியை, மதிய உணவுக்கான பின்னணியாகச் சுருக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஏரிக்கரையில் தங்கியதால் மலையேற்றத்துக்கு அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்தாலே போதுமானதாக இருந்தது. பாத்தூரில் உள்ளூர் சங்கத்தைச் சேர்ந்த மலைவழிகாட்டி ஒருவரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அவருக்கான கட்டணம் தொகுப்பில் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பணம் கட்டும்போதே கேட்டுவிடுவது நல்லது. நான்கு மணிக்கு நடக்கத் தொடங்கினால் உச்சிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கடைசி அரை மணி நேரப் பாதையில் எரிமலைச் சரளை காலடியில் சரிந்துகொண்டே இருக்கும். அங்கேதான் நல்ல பிடிமானமுள்ள காலணியின் அருமை தெரிந்தது. எங்கள் பகுதி உள்ளங்கைபோல மட்டமான நிலம் என்பதால், புறப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பிருந்தே அடுக்ககத்தின் நான்கு மாடிப் படிகளையும் நாள்தோறும் பத்து முறை ஏறி இறங்கிப் பழகினோம். அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால் என் மனைவியும் நானும் பாதியிலேயே அமர்ந்திருப்போம். உச்சியில் பாறை இடுக்குகளிலிருந்து வரும் நீராவியிலேயே வழிகாட்டி முட்டைகளை வேகவைத்துக் கொடுத்தார். அக்காவின் மகன் அந்தப் பாறைமீது கையை வைத்து, மலை உயிரோடு இருக்கிறது என்று சொன்னான். அவன் சொன்னது துல்லியமான அறிவியல் உண்மை.

இறங்கும் வழியில் ஏரிக்கரையில் முன்பு இருந்த பாத்தூர் கிராமத்தின் கதையை வழிகாட்டி சொன்னார். 1926-இல் வெளிவந்த எரிமலைக் குழம்பு அந்தக் கிராமத்தையும் கோவிலையும் மூடிவிட்டது. மக்கள் வெளியேறி மேலே விளிம்பில் புதிய ஊரை அமைத்து, உலுன் டானு பாத்தூர் கோவிலை அங்கே மீண்டும் எழுப்பினார்கள். ஏரியின் தெய்வமான தேவி டானுவுக்கு உரியது அக்கோவில். கீழே வயல்களில் ‘சுபாக்’ என்னும் பாசனக் கூட்டமைப்பில் சேர்ந்த உழவர்கள் தங்கள் நீருக்கு ஆதாரமாக அவளையே வணங்குகிறார்கள். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளில் உறவினர்கள் உள்ள எனக்குச் சாம்பல் என்ற சொல்லே கசப்பானது. இங்கே அது அனல்மின் நிலையங்களிலிருந்து வந்து மண்ணையும் நீரையும் கெடுப்பதன் பெயர். அங்கே, எரிமலைச் சாம்பல் நாளடைவில் சிதைந்து வளமான மண்ணாகி, ஏரிக்கரையில் வெங்காயமும் சரிவில் ஆரஞ்சும் காப்பியும் விளைவதைப் பார்த்தபோது, அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு என்பது நேரில் விளங்கியது.

2024-இல் அம்மாவுக்காகத் திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. அவருக்கு முழங்கால் வலி உண்டு, மலையேற்றம் இயலாது. அதற்கு மாற்றாக, விடியலுக்கு முன் ஜீப்பில் ஒரு காட்சிமேட்டுக்குச் சென்று, பின்னர் 1963-ஆம் ஆண்டு வெடிப்பின் கரிய குழம்புப் பாறைகள் பரந்து கிடக்கும் வெளியைச் சுற்றிவரும் பயணத்தை வழிகாட்டி பரிந்துரைத்தார். ஏரிக்கரையிலிருந்து குறுகிய தொலைவு என்பதால் அம்மாவின் உறக்கம் பெரிதாகக் கெடவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்தவருக்கு முன்னால், முதலில் ஏரி வெள்ளித் தகடுபோலத் தெரிந்தது. பிறகு எதிரே அபாங் மலையும் அதன் பின்னே அகுங் மலையின் முக்கோணமும், நெடுந்தொலைவில் லொம்போக் தீவின் ரிஞ்சானி மலையும் நிழலுருவாக எழுந்தன. பொன்னேரிப் பக்கம் ஏரிப்பாசன ஊரில் பிறந்தவர் அம்மா. அன்று பிற்பகல் ஜத்திலுவி படிக்கட்டு வயல்களில் நீர் முறைவைத்துப் பங்கிடப்படுவதை வழிகாட்டி விளக்கியபோது, தன் தந்தை காலத்தில் ஊரில் மடை திறந்த வரிசையை அவர் சொல்ல, நான் மொழிபெயர்க்க, இருவரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டார்கள். நல்ல வழிகாட்டி என்றால் என்ன என்பதற்கு அந்த அரை மணி நேரத்தையே நான் எடுத்துக்காட்டுவேன். அட்டவணையில் அடுத்து இருந்த அருவியை, நாங்கள் கேட்காமலேயே அவர் விட்டுவிட்டார்.

இதற்கு நேர்மாறானது 2018-இன் அனுபவம். வழிகாட்டிக் கட்டணம் நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், மீதிப் பணம் கடைகளின் தரகிலிருந்து வருகிறது என்று பொருள். அதற்கு விலையாக நம் காலை நேரம் போகிறது. இப்போதெல்லாம் ‘கடைகளில் நிறுத்தம் இல்லை’ என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் அனுப்புகிறேன். புனுகுப்பூனை தின்று கழித்த கொட்டைகளிலிருந்து செய்யும் காப்பியை விற்கும் தோட்டங்களையும் தவிர்த்துவிடச் சொல்கிறேன். கூண்டுக்குள் அந்த உயிரினங்கள் அடைபட்டிருந்ததைப் பார்த்த பிறகு அங்கே மீண்டும் கால்வைக்க மனம் வரவில்லை.

எரிமலைத் தீவுக்குக் குறுகிய பயணம் செல்பவர்கள் திரும்பும் நாளைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. 2017 நவம்பரில் அகுங் வெடித்தபோது பாலி விமான நிலையம் மூடப்பட்டுப் பல்லாயிரம் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். நாங்கள் மூன்றாம் முறை சென்று வந்த பிறகு, 2024 நவம்பரில், கிழக்கே வேறொரு தீவான புளோரஸில் லெவோதோபி மலை வெடித்ததால் பாலி விமானங்கள் பல ரத்தாயின. சாம்பலில் உள்ள கண்ணாடித் துகள்கள் விமான இயந்திரத்தின் வெப்பத்தில் உருகி, உள்ளே படிந்து இறுகி, இயந்திரத்தையே நிறுத்திவிடக்கூடியவை என்பதால் இதில் சமரசத்துக்கு இடமில்லை. ஆகவே ஞாயிறு இரவு திரும்பித் திங்கள் காலை அலுவலகம் என்று திட்டமிடாதீர்கள். ஒருநாள் விடுப்பைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு எடுக்கும்போது இயற்கைச் சீற்றத்தால் விமானம் ரத்தாவதை அது ஏற்கிறதா என்று படித்துப் பாருங்கள். வெடிப்புச் செய்தி வந்த பிறகு எடுக்கும் காப்பீடு பொதுவாக அந்த வெடிப்புக்குப் பயன்படாது. மலைகளின் நிலையை இந்தோனேசிய அரசு நான்கு படிநிலைகளில் அறிவிக்கிறது. கிளம்பும் வாரத்தில் அதைப் பார்த்துவிட்டே நான் பெட்டி கட்டுகிறேன்.

செலவில் நடந்த மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். 2018, 2019 பயணங்களில் இந்தியர்களுக்கு விசாக் கட்டணம் இல்லை. 2024-இல் வருகை விசாவுக்கு ஆளுக்கு 5,00,000 ரூபியாவும், அந்த ஆண்டு பிப்ரவரி 14 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றுலா வரியாக 1,50,000 ரூபியாவும் கட்டினோம். இரண்டையும் இணையத்தில் முன்னரே செலுத்தியதால் விமான நிலைய வரிசை குறைந்தது. கடவுச்சீட்டு ஆறு மாதங்களுக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை இந்திய முகவரிடம் வாங்கினால் அவர் மூலத்தில் வரி வசூலிப்பார்; 2024-இல் அது ஏழு லட்சம் ரூபாய் வரை 5 சதவீதம். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் கையிலிருந்து முதலில் போவது போவதுதான். பாலியின் மௌன நாளான நியேப்பி அன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும். மார்ச் மாதத்தில் செல்வோர் தேதியைச் சரிபார்க்க வேண்டும். சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாகச் சென்றோம். முதல் முறை நள்ளிரவு விமானத்துக்கு வாடகை வண்டியில் சாமான்களோடு நகரத்தைக் கடந்தோம். மூன்றாம் முறை தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறி, வண்டி மாறாமல் விமான நிலையத்தில் இறங்கினோம். அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி.

ஏரிக்கரைத் தங்கலில் குறைகளும் உண்டு. அறைகள் எளிமையானவை, கடற்கரை விடுதிகளின் வசதியை எதிர்பார்க்கக் கூடாது. வயல்களுக்கு இடும் கோழி எருவால் சில மாதங்களில் ஈக்கள் மிகுதி. ஏரி மட்டமே கடலுக்கு ஆயிரம் மீட்டர் மேலே இருப்பதால் இரவில் நன்றாகக் குளிரும். நம் ஊர் மார்கழிக்கு எடுக்கும் சால்வை போதாது. உணவைப் பொறுத்தவரை, காசிமேட்டு மீனில் வளர்ந்த எங்கள் நாவுக்கு ஏரி மீனில் மசாலா சுண்டச் சமைக்கும் ‘முஜாயிர் ஞாட்-ஞாட்’ மிகவும் பிடித்தது. சைவம் மட்டுமே உண்பவர்கள் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிராமத்தில் தேர்வுகள் குறைவு.

அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் தங்கை குடும்பத்துக்காக இதே ஏற்பாட்டைச் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டாம் நாள் விடியலில் மழையோ மேகமோ வந்தாலும் இன்னொரு காலை கையில் இருக்க வேண்டும் என்பதால், மூன்றாம் இரவையும் ஏரிக்கரைக்கே மாற்றித் தருமாறு வழிகாட்டிக்கு நேற்று எழுதியிருக்கிறேன்.