அரசுக் கணக்கா, வீடு வீடாக எடுக்கும் கணக்கா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம், இந்தியர் மீதான பாகுபாட்டைப் பற்றி வாய் திறந்தால், "ஆதாரம் எங்கே?" என்பார்கள். ஆதாரம் தேட இரண்டு வழி: அரசுக் கணக்கைப் பார்ப்பது, அல்லது நாமே வீடு வீடாகப் போய்க் கேட்பது.

புள்ளிவிவரத் துறையின் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு நாடு முழுக்க ஒரே முறையில் நடக்கிறது, அமைச்சில் எடுபடும். 2019இல் இடைநிலை மாத வருமானம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் குடும்பத்தின் வருமானம்) பூமிபுத்ரா குடும்பங்களுக்கு, அதாவது மலாய்க்காரர், பூர்வகுடியினருக்கு, 5,420 ரிங்கிட், இந்தியருக்கு 5,981, சீனருக்கு 7,391. பார்த்தால் நம் நிலை பரவாயில்லை என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பெட்டாலிங் ஜெயா டாக்டரும் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) வாழ்ந்து செம்பனைக் குலை வெட்டுபவரும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். குடியுரிமை உள்ளவர்களின் குடும்பங்களையே அது கணக்கில் எடுப்பதால், சிவப்பு அடையாள அட்டையோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியாக) தனியாக வாழும் பாட்டி அதில் இல்லவே இல்லை.

வீடு வீடாகப் போனால் பாட்டி கிடைப்பார். வாடகை வீடு எத்தனை முறை மறுக்கப்பட்டது, வேலை ஏன் கிடைக்கவில்லை என்றும் கேட்கலாம். வருமானக் கணக்கு அதைக் கேட்பதில்லை. ஆனால் தெரிந்தவர் கேட்டால் சிலர் மழுப்புவார்கள் (கடன் விஷயத்தில் கேட்கவே வேண்டாம்). தோட்டத்தை விட்டுப் போனவர்களும் விடுபடுவார்கள்.

என் ஓட்டு வீடு வீடாகவே. ஒரு நிபந்தனை: வருமானக் கேள்வியை மட்டும் துறையின் சொற்களிலேயே கேளுங்கள், அப்போதுதான் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைக்க முடியும்.